சம்மட்டி நானா கை தூக்கினால் ஊரே அசையாது

திருகோணமலையில் மனிதர்களை அசையாமல் நிற்க வைக்கத் தெரிந்த ஒரே ஆள் சம்மட்டி நானாதான். பொலிஸ்காரர் விசில் ஊதினால் ஓட்டோக்காரர் இன்னும் வேகமாகப் போவார். பள்ளிக்கூட அதிபர் கத்தினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானா மட்டும் சம்மட்டியைத் தோளில் சாய்த்து, இடக்கையை உயர்த்தி, "ஒருத்தரும் அசையப்படா!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், தெருவில் போகிற ஆடும் வாயில் வைத்த கடதாசியைச் சப்பாமல் நிற்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ஆனாலும் அது முழுப் பொய் இல்லை.

உட்துறைமுக வீதியில், கீழே தையல் கடை, மேலே நாங்கள். கட்டடம் கட்டப் போகிறவர்களுக்கு அவர்களுடைய நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். மொத்தம் மூன்று பேர். அன்ரன் சேர் இன்ஜினியர். நான் வரைபடம் கீறி, அறிக்கை எழுதுகிறவன். கிண்ணியாவிலிருந்து வருகிற நானா, அடிக்கிறவர். நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். அவருக்கு வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அடிக்கிறது என்றால் சும்மா இல்லை. நிலத்தில் நேர்கோட்டில் இருபத்திநாலு சின்னக் கருவிகளைக் குத்தி வைப்போம். அதிர்வைக் கேட்கிற கருவிகள். நானா அவற்றைக் 'காது' என்பார், பிறகு நாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டோம். கோட்டின் நுனியில் ஓர் இரும்புத் தட்டு. அதன்மேல் எட்டுக் கிலோச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அந்த அதிர்வு நிலத்துக்குள்ளால் ஓடி, ஒவ்வொரு காதுக்கும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று கொம்பியூட்டர் எழுதிக்கொள்ளும். இறுகிய நிலத்தில் அதிர்வு விரைந்து ஓடும். பொலபொலத்த மணலில் ஆறுதலாகப் போகும். அதை வைத்து அடியில் இருப்பது மணலா, களியா, கல்லா என்று கணக்குப் போடுவோம். அந்த நேரம் பார்த்து யாராவது பக்கத்தால் நடந்தால் போச்சு. அவர்களுடைய காலடியும் காதில் விழுந்து எல்லாம் குழம்பிவிடும்.

அதனால்தான் அசையக்கூடாது. இதை நானாவைப் போல மனதில் எடுத்துக்கொண்டவர் உலகத்திலேயே கிடையாது.

ஒருமுறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு நிலம் பார்த்தோம். நானா போய் மூதூர் பஸ்ஸை மறித்து, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சாரதி நிறுத்தினார். உள்ளே இருந்த ஒரு பெரியவர் இருமினார். நானா யன்னலுக்குள் தலையை விட்டு, "ஹாஜியார், இரும வேணாமெண்டு சொல்லல்ல. அடிச்ச பொறகு இருமுங்க" என்றார். பெரியவர் முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தார். டொங் என்று அடி விழுந்தது. பஸ் முழுக்க ஒரே நேரத்தில் இருமியது. ஒரே இடத்தில் ஐந்து தரம் அடித்து ஐந்தையும் கூட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம் என்பதால், அந்தப் பஸ் ஐந்து தரம் இருமிவிட்டுத்தான் மூதூருக்குப் போனது.

நானாவுக்குக் கட்டுப்படாத ஒரே பிராணி மான். எங்கள் நகரத்தில் மான்கள் மாடு மாதிரி வீதியில் திரியும் என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோட்டைப் பக்கம் ஒரு வேலை. நானா சம்மட்டியைத் தூக்கினார், ஒரு கொம்பு மான் காதுகளின் வரிசைக்குள் மெல்ல நடந்து வந்தது. நானா கையைத் தூக்கினார். மான் பார்த்தது. பிறகு அடுத்த காதை முகர்ந்தது.

"வாப்பா, கொஞ்சம் நில்லுங்க வாப்பா" என்று நானா கெஞ்சினார். மானிடம்தான்.

அது நின்றது. நானா சம்மட்டியை இறக்கிய அதே நொடியில் ஒரு காலை எடுத்து வைத்தது. அன்ரன் சேரும் நானும் கொம்பியூட்டர் மறைப்புக்குள் இருந்ததால் இதைக் காணவில்லை. ஒன்பதாவது காதுக்குப் பக்கத்தில் விசித்திரமாக ஒரு நெளிவு வந்திருப்பதைப் பார்த்த சேர், கீழே பழைய கிணறு ஒன்று மூடிக் கிடக்கிறது என்று முடிவு கட்டினார். இரண்டு நாள் இருந்து கிணற்றுக்கு வாய் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் பார்த்தார். நான் அதை அழகாகக் கீறி நீல நிறமும் பூசினேன். அறிக்கை கையெழுத்துக்குப் போகிற அன்று நானா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சேர், அது கெணறு இல்ல. மான்."

"ஏன் நானா அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொன்னா, நானாட சொல்லுக் கேக்காத ஒண்டும் ஊரில இரிக்கெண்டு ஆகிருமே."

கல்லும் மண்ணும் மட்டும் என்று இல்லை. கொந்தராத்துக்காரர்கள் கொண்டு வருகிற கொங்கிறீற் கட்டிகளை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, இயந்திரத்தில் வைத்து நசித்து, எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று பார்ப்பதும் நானாவின் வேலை. ஒவ்வொரு கட்டியையும் உள்ளே வைக்கும்போது "போயிட்டு வா மகன்" என்று தட்டிக் கொடுப்பார். அது நொறுங்கியதும் வெளியே எடுத்து, வெடிப்பு எங்கே தொடங்கி எப்படிப் போயிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். வருடக்கணக்காக இதைச் செய்தவருக்கு உலகத்தில் எதிலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. கதிரையைக் கண்டால் முதலில் கையால் அமத்துவார். பிறகு ஒரு பக்கத்தால் இருப்பார். கலியாண மண்டபத்தில் எல்லோரும் புரியாணியைப் பார்த்துக்கொண்டிருக்க, நானா மேலே கொங்கிறீற் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்காவது சுவரில் வெடிப்பைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கோடு கீறி, அன்றைய திகதியை எழுதிவிடுவார். வெடிப்பு வளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். இப்படிச் சலூன், மருந்துக் கடை, பிளேன்டீ குடிக்கிற கடை, எங்கள் அலுவலகக் குளியலறை என்று நகரம் முழுக்க அவருடைய கையெழுத்து இருந்தது. ஒரு கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்ன நானா, புதுசாப் பெயின்ற் அடிச்ச சுவர்!"

"பெயின்ற் புதுசுதான். செவரு பழசு" என்றுவிட்டு, நானா தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று குடித்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரேயொரு மகள், ஹஸ்னா. வீட்டில் இருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பாள். தோப்பூரில் உழவு இயந்திரம் வைத்து வயல் செய்கிற ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்தது. இரண்டு பேருக்கும் நல்ல விருப்பம். ஆனால் அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கிண்ணியாவில், கடல்நீர் தேங்கிய களப்புக் கரையோரம் காணி இருந்தது. கல், மணல், கம்பி எல்லாம் வாங்கிக் குவித்திருந்தது. வீடுதான் இல்லை. நானாவுக்கு அந்த நிலத்தில் நம்பிக்கை வரவில்லை.

மூன்று வருடம். மூன்று வருடமாக அந்த மனுசன் அத்திவாரம் போடவில்லை! கம்பி துருப்பிடித்தது. மணல் குவியலில் பூசணி காய்த்தது. கடைசியில் மாப்பிள்ளையின் தாய் தோப்பூரில் இருந்து வந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாராம்.

"ஊருக்கெல்லாம் நெலம் பாக்கிற மனுசன், சொந்த நெலத்தப் பாத்துப் பாத்தே காலத்தக் கழிக்கிறாரு. என்ட மகனுக்குத் தல நரைக்கப் போகுது. நோன்புக்கு முந்தி அத்திவாரம் போடல்லயெண்டா நாங்க வேற எடம் பாக்கிற."

நோன்புக்கு இரண்டு மாதம் இருந்தது. நானா அன்ரன் சேரிடம் வந்து நின்றார். சேர் நல்ல மனுசர். சனிக்கிழமைகளில் கருவிகளை எடுத்துக்கொண்டு போய்ச் சும்மாவே பார்த்துக் கொடுப்போம் என்றார். போனோம். காதுகளைக் குத்தினோம். நானா களப்பில் தோணி விட்டவர்களையும் அசையாமல் நிற்க வைத்துவிட்டு அடித்தார். சேர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நானா, கிட்ட இருக்கிற காதுக்கு மட்டும்தான் ஒழுங்காக் கேட்டிருக்கு. தூரத்துக் காதுக்குப் போய்ச் சேர வலு நேரம் எடுக்குது. ஆழம் வரைக்கும் பொலபொலத்த மணல் போலதான் கிடக்கு."

அடுத்த சனிக்கிழமையும் போனோம், கோட்டை வேறு பக்கமாகப் போட்டோம். அதே பதில். மூன்றாவது சனிக்கிழமையும் அதேதான். ஹஸ்னா ஒவ்வொரு முறையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒரு ஓரமாக நின்று சேரின் முகத்தைப் பார்ப்பாள். மூன்றாம் முறை அவள் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுக்காமலே போய்விட்டாள். திரும்பி வரும்போது பாலத்தில் நானா என்னிடம், "பாத்தீங்களா தம்பி? எனக்கு முந்தியே தெரியும்" என்றார். அந்தக் குரலில் ஒரு சொட்டுப் பெருமை இருந்திருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். இருக்கவில்லை. பயந்த மனுசனின் குரல் அது.

திங்கட்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். என்னவோ மனம் வரவில்லை. சும்மா பொழுதுபோக்காகப் பஸ் நிலையத்துப் பதிவை எடுத்து, கிண்ணியாப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நானா, அதே சம்மட்டி, அதே தட்டு. பஸ் நிலையத்தில் அடி விழுந்த இடத்தில் கோடு துள்ளிக் கடதாசியை விட்டே வெளியே போயிருந்தது. கிண்ணியாவில் அடி விழுந்த இடத்தைத் தேடிப் பிடிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. யாரோ பிள்ளையின் முதுகில் தட்டினதுபோல இருந்தது.

மற்ற எல்லா நிலத்திலும் நானா ஓங்கி அடித்தார். மகளின் நிலத்தில் மெல்லத் தட்டினார். அந்த அதிர்வு பாதித் தூரம்கூடப் போகாமல் களப்பு அலையிலும் காற்றிலும் அமிழ்ந்துபோயிருந்தது. தூரத்துக் காதுகளில் அதன் தொடக்கம் மறைந்துபோக, பிந்தி வந்த ஏதோ ஒரு நெளிவைத்தான் சேர் தொடக்கம் என்று எடுத்திருந்தார். அதிர்வு ஆறுதலாகப் போனது என்று கணக்கு வந்தால், நிலம் பொலபொலப்பு என்றுதானே பதில் வரும்!

ஓடிப் போய் சேரிடம் காட்டினேன். "சேர், நிலத்தில பிழையில்லை. அடியிலதான் பிழை."

சேர் இரண்டு கடதாசிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, நானும் பாக்காம விட்டிட்டன். அவற்ற அடியை ஆர் சந்தேகப்படுறது? ஆனா இதை அவரிட்ட நீதான் சொல்ல வேணும். என்னால ஏலாது."

நான் சொன்னேன். நானா சாப்பாட்டுப் பார்சலை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

"எனக்கா தம்பி அடிக்கத் தெரியாது?"

"தெரியும் நானா. அங்க மட்டும் கை மெல்லப் போகுது."

"அப்பிடி ஒண்டும் இல்ல."

"அப்ப இந்தச் சனிக்கிழமை வேற ஆராவது அடிக்கட்டும்."

"என்ட சம்மட்டிய ஒருத்தரும் தொடப்படா" என்றார். அன்று பின்னேரம் போகும்போது காதுகளை இரண்டு தரம் எண்ணிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே, "மத்தவங்கட எடத்தில பிழைச்சா சேர் பாப்பாரு. இது மகள்ட எடம். பதில் என்ன வருமோ எண்டு நெஞ்சு கெடந்து அடிக்கிது. கை நான் சொல்றதக் கேக்குதில்ல" என்றார். "சனிக்கிழமை வாறம் நானா" என்று மட்டும் சொன்னேன்.

நான்காவது சனிக்கிழமை. காதுகளைக் குத்தி முடித்தோம். நானா சம்மட்டியைத் தூக்கினார். "ஒருத்தரும் அசையப்படா!" என்ற சத்தம் வழமைபோலக் களப்பின் அக்கரைக்குக் கேட்டது. அடி விழுந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஹஸ்னாவுக்குக்கூட அது அடியாகத் தெரியவில்லை.

"இதென்ன நானா, கதவு தட்டுறீங்களோ?" என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

இரண்டாவது அடியும் அப்படித்தான். ஹஸ்னா என் முகத்தைப் பார்த்தாள். "என்ன பிழை? சொல்லுங்க" என்றாள். நான் இரண்டு வசனத்தில் சொன்னேன். அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள். நேரே போய், வாப்பாவின் கையிலிருந்த சம்மட்டியைப் பிடித்தாள்.

"விடுங்க வாப்பா."

"ஒனக்கு ஏலா மகள். பாரம்."

"மூணு வருசம் இதத்தானே தூக்கிட்டு இரிக்கன். விடுங்க."

நானா விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சம்மட்டியை அவர் இன்னொருவர் கையில் விட்டதை அன்றுதான் பார்த்தேன். முதல் அடி தட்டின் ஓரத்தில் பட்டு நழுவியது. நானா பதறிப்போய் இரண்டு அடி முன்னால் ஓடினார்.

"வாப்பா! அசையப்படா!"

அவ்வளவு சத்தம் அந்தப் பிள்ளையிடம் இருந்து வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நானா எடுத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பஸ்களையும் தோணிகளையும் நிறுத்திய மனிதர், ஒற்றைக் காலில், வேலியோரம் நின்ற முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹஸ்னா தலைக்கு மேலே தூக்கி இறக்கினாள். மூன்று வருடக் கோபமும் அந்த அடியில் இருந்தது. தட்டு பாதி மண்ணுக்குள் போய்விட்டது.

சேர் திரையைப் பார்த்தார். எழும்பினார். திரும்ப உட்கார்ந்தார். "இன்னும் நாலு தரம், பிள்ளை" என்றார். அவள் நாலு தரமும் அடித்தாள். நானா காலை இறக்கவில்லை.

"நானா" என்றார் சேர். "மேல ஒண்டரை மீற்றர் பொலபொலத்த மணல்தான். அதுக்குக் கீழ நல்ல இறுக்கம். இருபத்திநாலு காதுக்கும் கேட்டிருக்கு. மாளிகை கட்ட ஏலாது. வீட்டுக்குத் தாராளமாக் காணும்."

"மெய்யா?"

"மெய்யாத்தான்."

நானா நம்பினாரா? எங்கே! அடுத்த நாளே குழி தோண்டி, இடுப்பளவு ஊற்றுத் தண்ணீரில் நின்று, சம்மட்டிப் பிடியால் கீழே குத்திக் குத்திப் பார்த்தார். சேர் சொன்ன ஆழத்தில் பிடி இறங்க மறுத்தது. அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நோன்புக்குப் பத்து நாள் இருக்க அத்திவாரம் போட்டார்கள். சாதாரணமாக மூன்று கட்டி நசித்துப் பார்க்கிற இடத்தில் நானா முப்பது கட்டி ஊற வைத்தார். மேசன் மூன்று தடவை கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார், மூன்று தடவையும் ஹஸ்னா போய்க் கூட்டி வந்தாள். வீடு எழும்பியது. பூச்சுக் காய்ந்த அன்றே உள்ளே நாலு மூலையிலும் பென்சிலால் கோடு கீறித் திகதி போட்டிருந்தார்.

"நானா, இதில வெடிப்பே இல்லையே?"

"வந்தாத் தெரியணுமே தம்பி."

இது நடந்து ஐந்தாறு வருடம் இருக்கும். நானா இப்போது வேலைக்கு வருவதில்லை, பேரனுடன் அந்த வீட்டிலேயே இருக்கிறார். கோடுகள் ஒன்றும் விலகவில்லை என்று பெருநாளுக்குப் பெருநாள் எனக்குத் தொலைபேசியில் அறிவிப்பார்.

கலியாணம் அந்தப் புது வீட்டில்தான் நடந்தது. பகல் சாப்பாடு முடிந்து, கூடத்தில் எல்லோரையும் வைத்துப் படம் எடுக்கிற நேரம் கரண்ட் போய்விட்டது. படம் பிடிக்கிறவர் கமராவை முக்காலியில் பொருத்திவிட்டு, வெளிச்சம் போதாது, கொஞ்ச நேரம் ஒருவரும் அசையாமல் நிற்க வேண்டும் என்றார். கூடம் முழுக்க நானாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அசையாமல் நின்றது. மாப்பிள்ளையின் தாய் நின்றார். குழந்தைகள் நின்றார்கள். வாழ்நாளில் சும்மா நின்றறியாத நானும் நின்றேன்.

படத்தில் எல்லோரும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறோம். மகளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள் மட்டும் கலங்கிப்போய், முகம் எது, கை எது என்று தெரியாமல் நிற்கிறார். தோள் குலுங்க அழுதால் படம் அப்படித்தான் விழும்.

கரண்ட் வந்த பிறகு எடுத்த நல்ல படத்தையும் ஹஸ்னா எனக்கு அனுப்பியிருந்தாள். நான் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பது மற்றதை.